ஆயர் இல்லத்தில் புகார் கொடுத்தாயிற்று; காவல் நிலையத்துக்கும் போக வேண்டுமா?

கத்தோலிக்க ஆலயம் ஒன்றின் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் 14 வயதுச் சிறுமி பங்குத்தந்தைமீது கூறிய பாலியல் புகாரை, அவளுடைய பெற்றோருடன் சென்று ஆயர் இல்லத்தில் எழுத்தில் கொடுத்ததாகவும், "குழு விசாரிக்கிறது, அதுவரை வெளியே பேச வேண்டாம்" என்ற பதிலே கிடைத்ததாகவும் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் எழுதியிருக்கிறார். காத்திருப்பதா என்பது அவர் கேள்வி.

காத்திருக்கக் கூடாது. சிறார்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஆயரிடம் சொன்னதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. தெரிவிக்கத் தவறுபவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. தம் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு அது ஓராண்டு வரை நீளும். ஆகவே உங்களைக் காத்திருக்கச் சொல்பவர்களும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

சிறுமியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டுமே என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. ஆனால் அவளுடைய வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத பெண் உதவி ஆய்வாளர், பெற்றோர் உடனிருக்கப் பதிவு செய்யலாம். அவள் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் பேசுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இனி, "வெளியே பேச வேண்டாம்" என்ற சொல்லுக்கு வருவோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்டு 2023-இல் நிரந்தரமாக்கிய 'வோஸ் எஸ்டிஸ் லூக்ஸ் முந்தி' விதிமுறை, புகார் அளித்தவர்மீது மௌனத்தைச் சுமத்துவதைத் தடை செய்கிறது. இத்தகைய வழக்குகளுக்கு இருந்த, பாப்பிறை இரகசியம் எனப்படும் திருச்சபையின் கடுமையான இரகசியக் காப்பு விதியும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. நாட்டின் சட்டப்படியான கடமைகளை இவ்விதிமுறை தடுக்கவும் இல்லை. திருச்சபையின் சொந்தச் சட்டத்தையே அறியாமலோ, அறிந்தும் மறந்தோ தரப்பட்ட பதில் அது.

ஆயரிடம் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு: புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை, அந்தக் குருவைப் பணியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்களா என்ற விவரம், முதற்கட்ட விசாரணை முடிந்ததும் உரோமையிலுள்ள விசுவாசக் கோட்பாட்டுத் துறைக்கு ஆவணங்கள் போகுமா என்பது. வேறு பங்குக்கு மாற்றுவதை நடவடிக்கையாக ஏற்காதீர்கள்.

திருச்சபைத் தண்டனையைத் திருச்சபையே விலக்கிக்கொள்ள முடியும். உதகை மறைமாவட்டக் குரு ஒருவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிறுமியிடம் பாலியல் குற்றம் புரிந்ததை 2015-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். இந்தியா திரும்பியபின் 2016-இல் அவர்மீதான பணித்தடையை மறைமாவட்டம் நீக்கியது. நீதிமன்றத் தீர்ப்பை எந்த ஆயராலும் அப்படி நீக்க முடியாது.

மகளின் படிப்புச் செலவை ஏற்பதாகச் சொல்லி யாரேனும் பெற்றோரிடம் சமரசம் பேச வந்தாலும், அது வழக்கை முடித்துவிடாது. பெற்றோருடன் செய்துகொண்ட சமரசத்தைக் காட்டி ரத்து செய்யப்பட்ட ஒரு போக்சோ வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மீட்டது. இன்றே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள், அல்லது 1098-ஐ அழையுங்கள். ஆயர் இல்லத்தில் கொடுத்த புகாரின் நகலைத் தேதியுடன் எடுத்துச் செல்லுங்கள். தாமதம் ஏன் என்று பின்னர் கேட்கப்பட்டால் அதுவே விடை.