மெயில் அவுட்பாக்ஸ்லயே நிக்குது, புது ஆபீஸ் வாங்கணுமா? முதல்ல லாக் எடுங்க

கேள்வி: வணக்கங்க. திருப்பூர்ல சின்னதா லேபிள், டேக் பிரின்டிங் பண்றோம், நானும் வீட்டுக்காரம்மாவும்தான் பார்த்துக்கறோம். எங்க கம்பெனி பேர்லயே மெயில் ஐடி வேணும்னு ஒரு ஹோஸ்டிங் கம்பெனிகிட்ட வருஷ பிளான் எடுத்திருக்கோம், அதுல 25 எம்பி வரைக்கும் அட்டாச்மென்ட் அனுப்பலாம்னு போட்டிருந்தாங்க. அவுட்லுக் 2016 யூஸ் பண்றோம். ஆர்ட்வொர்க் பிடிஎஃப் 12 எம்பி இருந்தா போயிடுது, 16, 17 எம்பி ஆனா அவுட்பாக்ஸ்லயே நிக்குது, அதுக்குப் பின்னாடி இருக்கற சின்ன மெயிலும் சேர்ந்து மாட்டிக்குது. ஹோஸ்டிங்காரங்க எங்க சர்வர்ல பிரச்சனையே இல்ல, உங்க அவுட்லுக்தான்னு சொல்றாங்க. இங்க சர்வீஸ் பண்ற தம்பி, அவுட்லுக் கரப்ட் ஆயிடுச்சு, லேப்டாப்பை ஃபார்மட் அடிச்சு புது ஆபீஸ் போடணும், 9,500 ஆகும்ங்கறாரு. நேத்து ஹோஸ்டிங்ல இன்னொருத்தர் லாக் எடுத்து அனுப்புங்கன்னாரு. அது என்னங்க, பாஸ்வேர்டு எல்லாம் அதுல போயிடுமா? 9,500 குடுக்கலாமா?

பதில்: வணக்கங்க. இப்போதைக்கு ஒரு ரூபா கூட குடுக்காதீங்க, ஃபார்மட் அடிக்கவும் விடாதீங்க. லாக் எடுக்க அரை மணி நேரம் போதும், பைசா செலவில்ல, யார் பக்கம் தப்புன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

லாக்னா வேற ஒண்ணுமில்ல. நீங்க சென்ட் அமுக்கினதும் அவுட்லுக்கும் அந்தக் கம்பெனி சர்வரும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்ல, இந்த மெயில எடுத்துக்கறியா, எடுத்துக்கறேன், ஆள் யாரு, பாஸ்வேர்டு என்னன்னு, அந்தப் பேச்சை வரிக்கு வரி டைம் போட்டு எழுதி வைக்கற ஃபைல்தான் அது. சாதாரணமா அவுட்லுக் இதை எழுதாது, நாமதான் ஆன் பண்ணணும்.

அவுட்லுக்கைத் திறந்து ஃபைல், அதுல ஆப்ஷன்ஸ், அதுல அட்வான்ஸ்டு போங்க. வலது பக்கம் கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் கீழ இறங்கினா அதர்னு ஒரு பகுதி வரும், அங்க எனேபிள் ட்ரபிள்ஷூட்டிங் லாகிங்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போட்டு ஓகே குடுத்துட்டு அவுட்லுக்கை முழுசா மூடித் திரும்ப திறங்க. மூடித் திறக்கலேன்னா லாக் ஆரம்பிக்காது, நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. இதெல்லாம் உங்க பழைய மாடல் அவுட்லுக்குக்குத்தான், புது அவுட்லுக்னு இப்ப விண்டோஸோட வருதே, அதுல இந்த வழி கிடையாது.

இப்ப ரெண்டு மெயில் அனுப்புங்க, ரெண்டுமே உங்க சொந்த ஜிமெயிலுக்கே அனுப்பினா போதும். முதல்ல ஒண்ணுமே அட்டாச் பண்ணாம ஒண்ணு. அடுத்தது அந்த 16 எம்பி ஃபைலோட. அது நின்னு போற வரைக்கும் விட்டுட்டு, மணி எத்தனைன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, அப்புறம் அவுட்லுக்கை மூடிடுங்க. விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அமுக்கினா சின்னதா ஒரு பெட்டி வரும், அதுல டெம்ப்னு இங்கிலீஷ்ல அடிச்சு, முன்னாடி ஒரு சதவீதக் குறி பின்னாடி ஒரு சதவீதக் குறி போட்டு என்டர் தட்டுங்க. வர்ற ஃபோல்டருக்குள்ள அவுட்லுக் லாகிங்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல இடிஎல்னு முடியற ஃபைல் நம்மால படிக்க முடியாது, அது மைக்ரோசாஃப்ட்காரங்களுக்கு, விட்டுடுங்க. ஓபிஎம்லாக்னு ஒண்ணு இருக்கும், அதை நோட்பேட்ல திறங்க, மெயில் வெளிய போற பேச்சு அதுலதான் இருக்கு.

பார்த்ததும் பயந்துடாதீங்க, படிக்கறது ஈஸிதான். டிஎக்ஸ்னு இருக்கற வரி உங்க அவுட்லுக் சொன்னது, ஆர்எக்ஸ்னு இருக்கற வரி சர்வர் சொன்ன பதில். சர்வரோட பதில் எப்பவும் மூணு இலக்க நம்பர்ல ஆரம்பிக்கும். 2ல ஆரம்பிச்சா சரி. 4ல ஆரம்பிச்சா இப்ப முடியல, கொஞ்சம் கழிச்சு வான்னு அர்த்தம். 5ல ஆரம்பிச்சா முடியவே முடியாதுன்னு சர்வர் சொல்லிடுச்சுன்னு அர்த்தம். 535 வந்தா யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு. 552 வந்தா மெயில் சைஸ் அளவுக்கு மேல, இல்லேன்னா இடம் பத்தல. பதிலே வராம பாதியில அறுந்திருந்தா நெட்டையும் ஆன்டிவைரஸையும் ஒரு தடவை பார்க்கணும்.

உங்க விஷயத்துல நான் முதல்ல தேடச் சொல்றது வேற ஒரு வரி. சர்வர் ஆரம்பத்துலயே என்னால என்னென்ன முடியும்னு ஒரு லிஸ்ட் சொல்லும், எல்லாமே 250ல ஆரம்பிக்கற வரிங்க. அதுல ஒண்ணுல சைஸ்ங்கற வார்த்தையும் பக்கத்துல நீளமா ஒரு நம்பரும் இருக்கும். சர்வர் வாங்கிக்கற அதிகபட்ச மெயில் அளவு அதுதான், பைட் கணக்குல. அங்க 20971520னு இருந்தா சரியா 20 எம்பி.

உங்க ஃபைல் 16 எம்பிதானே, 20க்குள்ளதானே இருக்குன்னு தோணும். அப்படி இல்லீங்க. மெயில்ல எந்த ஃபைல் போனாலும் அதை எழுத்தா மாத்தித்தான் அனுப்பும், மூணு பைட்டு நாலு எழுத்தா ஆகும், வரி முடிவுக்குன்னு இன்னும் கொஞ்சம் சேரும். அப்ப 16 எம்பி ஃபைல் கிட்டத்தட்ட 22 எம்பியா ஆயிடும். 12 எம்பி ஃபைல் 16 அரை எம்பி ஆகும், 20க்குள்ள அடங்கும், போயிடுது. நீங்க சொன்ன கணக்கு அப்படியே பொருந்துதா இல்லையா? 20 எம்பி சர்வர்ல பதினாலரை எம்பிக்கு மேல ஃபைல் போகாது. அதனாலதான் எனக்கு சந்தேகம் பூரா சர்வர் லிமிட் மேலதான், அவுட்லுக் கரப்ட் ஆகியிருந்தா ஃபைல் சைஸைப் பார்த்துப் பார்த்தா மெயிலை நிறுத்தும்? ஆனா லாக்ல பார்க்காம முடிவு பண்ணக்கூடாது.

இன்னொண்ணு, அவுட்லுக்கே இந்த மாதிரி அக்கவுண்ட்ல 20 எம்பிக்கு மேல அட்டாச் பண்ண விடாது, அட்டாச் பண்றப்பவே சொல்லிடும். அதனால சர்வர்ல லிமிட்டை ஏத்திக் குடுத்தாலும் முழுசா 25 எம்பி ஃபைல் போடணும்னா அவுட்லுக்லயும் ஒரு செட்டிங் மாத்தணும்.

பாஸ்வேர்டு பத்திக் கேட்டீங்க. ஓபிஎம்லாக்ல பாஸ்வேர்டு வர்ற இடத்துல நட்சத்திரக் குறிதான் இருக்கும். ஆனா உங்க மெயில் ஐடி, யாருக்கு அனுப்புனீங்க, எந்த சர்வர், எல்லாம் அப்படியே இருக்கும். அதனாலதான் பார்ட்டிங்களுக்கு அனுப்பாம உங்க ஜிமெயிலுக்கே டெஸ்ட் பண்ணச் சொன்னேன். ஃபைலை வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் போடாதீங்க, ஹோஸ்டிங் கம்பெனியோட சைட்ல டிக்கெட் போட்டு, அதாவது எழுத்துல புகார் பதிஞ்சு, அதுல மட்டும் அனுப்புங்க. லாக் எடுத்துத் தர்றேன், தூரத்துல இருந்தே உங்க லேப்டாப்பை இயக்கற ரிமோட் ஆப் போடுங்கன்னு யாராவது அவங்களாவே போன் பண்ணா கட் பண்ணிடுங்க, இதுக்கு ரிமோட் தேவையே இல்ல.

ஃபார்மட் வேண்டாம்னு இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க அண்ணன் கடையில இதே மாதிரி மெயில் நின்னப்ப ஒரு சர்வீஸ் கடையில குடுத்து ஃபார்மட் அடிச்சாங்க. டாக்குமென்ட்ஸ்ல அவுட்லுக் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள இருந்த பிஎஸ்டி ஃபைலை, மெயில் எல்லாம் சேர்ந்திருக்கற ஃபைல் அதுதான், யாரும் காப்பி எடுக்கல. அது பாப் அக்கவுண்ட், அதாவது மெயிலை கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கற வகை, சர்வர்லயும் மெயில் வைக்கல, நாலு வருஷ ஆர்டர் மெயில் மொத்தமா போச்சு. அண்ணன் அன்னைக்கு ராத்திரி கடையை மூடாம அந்த லேப்டாப் முன்னாடியே உக்காந்திருந்தாரு, இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. கடைசில பார்த்தா சர்வர்ல பாஸ்வேர்டு மாறியிருக்கு, அவ்வளவுதான், லாக் எடுத்திருந்தா 535னு முதல் நிமிஷமே சொல்லியிருக்கும். உங்க பிஎஸ்டியை இன்னைக்கே பென்டிரைவ்ல ஒரு காப்பி போடுங்க, அவுட்லுக்கை மூடிட்டுப் போடுங்க.

ஆபீஸ் 2016க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, இனி செக்யூரிட்டி அப்டேட் வராது, அதனால மாத்தறது நல்லதுதான், அதை நிதானமா விலை விசாரிச்சு பில்லோட வாங்குங்க. ஆனா இந்தப் பிரச்சனைக்கு மருந்துன்னு நினைச்சு வாங்காதீங்க, சர்வர் லிமிட்தான் காரணம்னா புதுசுலயும் இதே மெயில் இதே இடத்துலதான் நிக்கும்.

லாக்ல அந்த 20 எம்பி வரி கிடைச்சுதுன்னா, லாக் ஃபைலை எடிட் பண்ணாம அப்படியே ஒரு காப்பி வச்சுட்டு, பிளான் வாங்கினப்ப 25 எம்பின்னு போட்டிருந்த பக்கத்தோட ஸ்க்ரீன்ஷாட், பில், மூணையும் சேர்த்து ஹோஸ்டிங்காரங்களுக்கு எழுத்துல அனுப்புங்க. லிமிட்டை ஏத்து, இல்லேன்னா மிச்ச மாசத்துக்குக் காசைத் திருப்பிக் குடுன்னு நேரா கேளுங்க. 25 எம்பிங்கறது மெயிலோட மொத்த சைஸ்னு அவங்க சொல்லலாம், அப்பவும் சர்வர் 20தானே சொல்லுது, அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். போன்ல பேசறது கணக்குல வராது. சரியா பதில் வரலேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதியுங்க, செலவில்ல. அதுக்கும் நகரலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். தொழிலுக்கு வாங்கினது நுகர்வோர் கணக்குல வராதுன்னு எதிர்த்தரப்பு சொல்லுவாங்க. 2019 நுகர்வோர் சட்டத்துலயே, சுயதொழில் செஞ்சு பொழைக்கறதுக்காக மட்டும் ஒரு பொருளை வாங்கினா அது வணிக நோக்கம் ஆகாதுன்னு இருக்கு. அதுல பொருள்னுதான் இருக்கு, ஹோஸ்டிங் மாதிரி சேவையைப் பேர் சொல்லி எழுதல, ஆனாலும் அதை எடுத்துச் சொல்லலாம். நீங்க ரெண்டு பேரும் நடத்தற யூனிட்டுங்கறதை மனுவுலயே தெளிவா எழுதுங்க.

அது வரைக்கும் பெரிய ஆர்ட்வொர்க்கை கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க் அனுப்புங்க, அவுட்பாக்ஸ்ல நிக்கற மெயிலை எடுத்துட்டா பின்னாடி மாட்டினது தானா போயிடும். வேலை முடிஞ்சதும் அந்த டிக்கை எடுத்துட்டு அவுட்லுக்கைத் திரும்ப ஒரு தடவை மூடித் திறங்க, மறந்துட்டா ஃபைல் பெருத்துக்கிட்டே போகும், அவுட்லுக்கும் ஸ்லோ ஆகும். சைஸ் வரில வேற நம்பர் இருந்துச்சுன்னா, அதையும் 5ல ஆரம்பிக்கற வரியையும் மட்டும், மெயில் ஐடியை அழிச்சுட்டு எனக்கு எழுதுங்க, பார்த்துச் சொல்றேன்.