பொண்ணு கிராமத்துல டிரஸ்ட் ஆரம்பிக்கப் போறேங்குது, என்ன செய்யன்னு கேட்ட அம்மாவுக்கு

அக்கா வணக்கம். நீங்க எழுதுனத முழுசா படிச்சேன். பொண்ணு பிஎஸ்சி அக்ரி நல்ல மார்க்குல முடிச்சிருக்கு, வீட்ல எல்லாரும் டிஎன்பிஎஸ்சி வேளாண் அலுவலர் பரீட்சைக்கு உக்காந்து படிக்கும்னு நெனச்சிட்டு இருக்கப்போ, அது திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமங்கள்ல காலநிலை நீதிக்குன்னு ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சு அதையே முழு நேரமா நடத்தப் போறேன்னு நிக்குது. அவங்க அப்பா பேச்சையே நிறுத்திட்டாரு, உங்களுக்கு தூக்கம் வரல. முதல்ல என் கருத்த சொல்லிடறேன், காரணம் அப்புறம் சொல்றேன். இந்த வேலைக்கு போகாதேன்னு தடுக்காதீங்க. ஆனா இந்த வருஷமே டிரஸ்ட் பத்திரம் போடறத மட்டும் தள்ளி வைக்கச் சொல்லுங்க. மூணு நாலு வருஷம் வேற ஒரு நல்ல நிறுவனத்துல சம்பளத்துக்கு வேலை பாக்கட்டும், அதுக்கப்புறம் சொந்தமா ஆரம்பிக்கலாமான்னு அதுவே முடிவு பண்ணட்டும்.

"காலநிலை நீதின்னா என்னன்னே எங்களுக்கு புரியல சார், மரம் நடறதா?" ன்னு கேட்டிருந்தீங்க. மரம் நடறதும் ஒரு ஓரத்துல இருக்கு. ஆனா அது என்னன்னு உங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, கஜா புயல நெனச்சுப் பாருங்க போதும். 2018 நவம்பர் 16 விடியக்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்துச்சு, பட்டுக்கோட்டை பேராவூரணி வரைக்கும் தென்னந்தோப்பெல்லாம் அப்படியே சாஞ்சு போச்சு. தோப்பு வச்சிருந்தவங்களுக்கு விழுந்த மரத்துக்கு 1,100 ரூபாய்னு அரசாங்கம் கணக்கு போட்டுச்சு, அது அவங்க நஷ்டத்துக்கு பத்தாது, அது வேற. ஆனா அதே தோப்புல வருஷக்கணக்கா தேங்கா பறிச்சு, மட்டை உரிச்சு, கயிறு திரிச்சு கூலி வாங்கின ஜனங்க பேரு அந்த மரக்கணக்குல எங்கயுமே இல்ல. குடிசை விழுந்ததுக்கு நிவாரணம் வந்துச்சு, போன வேலைக்கு எதுவும் வரல. புது தென்னங்கன்னு வச்சா காய்ப்புக்கு வர எத்தன வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும், அத்தன வருஷம் அந்த ஜனங்க என்ன செய்வாங்க? கார்பன் புகையில அவங்க பங்கு ஒண்ணுமே கிடையாது, அடி மட்டும் அவங்களுக்குத்தான் முதல்ல விழுது, நிவாரணம் கடைசியா வருது இல்ல வரவே மாட்டேங்குது. இதத்தான் உங்க பொண்ணு சரி பண்ணணும்னு சொல்லுது. இதுல கிறுக்குத்தனம் எதுவும் இல்லக்கா.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் இந்த வேலையோட உண்மையான முகம். பயிர் இன்சூரன்ஸ். சம்பாவுக்கு விவசாயி கட்டற பங்கு காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம்தான், மீதிய அரசாங்கங்கள் கட்டுது, நல்ல திட்டம்தான். ஆனா பதிவு பண்ண நிலம் யார் பேர்லன்னு காட்டற சிட்டா வேணும், என்ன பயிர் வச்சிருக்குன்னு விஏஓ குடுக்கற அடங்கல் வேணும், பேங்க் பாஸ்புக் வேணும். டெல்டாவுல கோயில் நிலத்தையும் மத்தவங்க நிலத்தையும் வாய்வார்த்தையா குத்தகைக்கு எடுத்து உழுறவங்க எத்தன பேரு! விதை வாங்கி, உரம் வாங்கி, கடன் வாங்கி பயிர் வச்சது அவங்க, வெள்ளத்துல அழுகுனது அவங்க பயிரு, ஆனா பேப்பர் நிலத்துக்காரர் பேர்ல. அதுக்கு மேல, இழப்பீடு ஒவ்வொருத்தர் வயலையும் பாத்து வர்றதில்ல, வருவாய் கிராமத்துல சில வயல்ல பயிர் அறுவடை பரிசோதனை பண்ணி வர்ற சராசரி மகசூல வச்சு முடிவாகுது. அந்த பரிசோதனை எந்த வயல்ல, எந்த தேதியில நடக்குதுன்னு தெரிஞ்சு, அங்க போய் நிக்கற ஒரு ஆளு ஊர்ல இருந்தா நெறைய விஷயம் மாறும். குத்தகைதாரர் உரிமைய பதிவு பண்றதுக்கு 1969லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு, அதுல எப்படி மனு போடறதுன்னு ஒரு பொண்ணு பத்து குடும்பத்துக்கு சொல்லித்தந்து கூடவே தாலுகா ஆபீசுக்கும் போனா, அது ஒரு பெரிய மாநாட்ட விட மேலன்னு நான் நெனைக்கறேன்.

வெயிலும் அப்படித்தான். 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலைய மாநிலப் பேரிடர்னு அறிவிச்சாங்க, வெப்பத்தால யாராவது இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். நல்ல அறிவிப்பு. ஆனா நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போன இடத்துல மயங்கி விழுந்து இறந்த ஒரு அம்மாவுக்கு வீட்ல அன்னைக்கே எரியூட்டிட்டாங்கன்னா, இறப்புக்கு வெப்பம்தான் காரணம்னு எந்த காயிதத்த காட்டுவாங்க? அந்த நேரத்துல என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஒருத்தர் ஊர்ல இருக்கணும். உங்க பொண்ணு செய்யணும்னு ஆசப்படற வேலையில பாதிக்கு மேல இந்த மாதிரி பட்டா, மனு, சான்றிதழ், தேதி, கையெழுத்துதான். இது அதுக்கு புடிக்குமான்னு அதுக்கே இன்னும் தெரியாது. அதனாலதான் முதல்ல வேலைக்கு போகச் சொல்றேன்.

பொம்பள புள்ள, தனியா ஊர் ஊரா போகணும், பெரிய ஆளுங்கள எதுத்து நிக்கணும், நடக்குமான்னு அவங்க அப்பா கேக்கறாருன்னு எழுதியிருந்தீங்க. அவருகிட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பத்தி சொல்லுங்க, உங்க மாவட்டத்துல பெரியவங்க நெறைய பேருக்கு அவங்கள தெரியும். கீழ்வெண்மணியில 1968ல 44 பேரை எரிச்சதுக்கு அப்புறம் அந்தப் பக்கத்துக்கு வந்து தங்கினவங்க, 1981ல உழுறவங்களுக்கு நிலம் வாங்கித்தர லாஃப்டிங்கற அமைப்ப ஆரம்பிச்சு, நிலம் இல்லாத தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பொம்பளைங்க பேர்லயே, சுமார் 13,000 ஏக்கர் கிடைக்க வச்சாங்க. சும்மா போராட்டம் மட்டும் இல்ல, நிலத்துக்காரங்ககிட்ட விலை பேசினாங்க, பேங்க் கடன் ஏற்பாடு பண்ணினாங்க, பத்திரம் பதிஞ்சாங்க. 90கள்ல கடலோரத்துல இறால் பண்ணை வந்து நெல்லு வயலும் குடிதண்ணியும் உப்பானப்போ அவங்க வீட்டுக்காரர் ஜெகந்நாதன் பேர்ல போட்ட வழக்குலதான் 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் கடலோர ஒழுங்குமுறை பகுதிக்குள்ள இருக்கற இறால் பண்ணைகளுக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. ஆனா அதோட கதை முடியல, 2005ல தனிச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு மறுபடி வழி கிடைச்சிருச்சு. இத பொண்ணுகிட்டயும் சொல்லுங்க, ஜெயிச்சத காப்பாத்தறதுக்கும் ஆளு வேணும், அதுக்கு இருபது வருஷம் நிக்கற நிறுவனம் வேணும், ரெண்டு வருஷத்துல பணம் தீந்து மூடிப்போற டிரஸ்ட் ஊருக்கு கெடுதல். நம்பி கையெழுத்து போட்டு முன்னாடி வந்த குடும்பங்க நடுத்தெருவுல நிக்கும், மனு குடுத்தவங்க மேல ஊர்ல பகை மட்டும் மிச்சமாகும்.

இப்ப பணத்துக்கு வர்றேன், அப்பாவுக்கு இதுதான் முக்கியம். பதிவு பண்றது ஒரு நாள் வேலை. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு ரெண்டும் முதல்ல தற்காலிகமா குடுத்துருவாங்க. அதுக்கப்புறம் பணம் எங்கிருந்து வரும்? வெளிநாட்டு நிதி வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு வேணும், அதுக்கு நிறுவனம் குறைஞ்சது 3 வருஷம் ஓடியிருக்கணும், அந்த 3 வருஷத்துல 15 லட்சமாவது வேலைக்கு செலவு பண்ணியிருக்கணும். அந்தச் சட்டத்துல 2020ல வந்த திருத்தத்துக்கு முன்னாடி பெரிய நிறுவனம் வெளிநாட்டு நிதி வாங்கி கிராமத்துல இருக்கற சின்ன நிறுவனத்துக்கு கொஞ்சம் பிரிச்சு குடுக்கும், இப்ப அது தடை. அந்த வெளிநாட்டு நிதியில நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணமும் 3 வருஷ அனுபவம் கேக்கும். ஆக முதல் மூணு வருஷம் ரெண்டு பெரிய கதவும் சாத்தியிருக்கும், தெரிஞ்சவங்க தர்ற நன்கொடைதான். "அப்போ இப்பவே பதிவு பண்ணிட்டா அந்த மூணு வருஷம் ஓடிருமே" ன்னு பொண்ணு கேக்கும், புத்திசாலி புள்ள, கட்டாயம் கேக்கும். வெறும் பத்திரம் ஓடி பிரயோஜனமில்ல, ஒவ்வொரு வருஷமும் வேலை நடந்ததுக்கு கணக்கு, ஆடிட், ரிட்டர்ன் எல்லாம் வேணும், அதுல ஒரு வருஷம் கோட்டை விட்டாலும் பின்னாடி விண்ணப்பம் போடறப்போ அங்கதான் வந்து இடிக்கும். ஆடிட்டர் ஃபீஸ் குடுக்கவே காசில்லாம தவிக்கற நல்ல மனுஷங்கள எனக்கு தெரியும். நடத்தறவங்களுக்கு கணக்கு தெரியலன்னா எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் பத்தாது, பேச்சுத் திறமைய விட வவுச்சர் ஒழுங்கா வைக்கற பழக்கம்தான் ஒரு நிறுவனத்த காப்பாத்தும்.

சரி, எங்க வேலைக்கு போகலாம். மதுரையில தன் அறக்கட்டளை கண்மாய் பராமரிப்பையும் மகளிர் குழுக்களையும் வச்சு பல வருஷமா வேலை செய்யறாங்க, அவங்களோட தன் அகாடமியில ரெண்டு வருஷ படிப்பும் இருக்கு, பாதி நேரம் கிராமத்துலயே இருக்கணும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கடலோரத்துல அலையாத்தி காடு, மீனவர், விவசாயம்னு வேலை பாக்கறாங்க, அக்ரி படிச்ச புள்ளைக்கு அங்க நல்ல பொருத்தம். கோத்தகிரியில கீஸ்டோன் ஃபவுண்டேஷன் பழங்குடி மக்களோட, தேன் எடுக்கறவங்களோட வேலை செய்யறாங்க. வட மாநிலம் போகத் தயார்னா பிரதான் நிறுவனம், வேலைக்கு எடுத்து கிராமத்துலயே வச்சு பயிற்சி குடுப்பாங்க. எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா ஃபெல்லோஷிப் 13 மாசம், பிடிக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்க அருமையான வழி, பெருசா இழக்க எதுவுமில்ல. அரசாங்கத்து பக்கம் பாத்தா முதலமைச்சரின் பசுமை ஃபெல்லோஷிப்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, மாவட்டத்துல கலெக்டர் ஆபீஸோட சேர்ந்து காலநிலை வேலை, உதவித்தொகையும் நல்லா இருந்துச்சு, அடுத்த அறிவிப்பு வருதான்னு கவனிச்சுட்டே இருக்கச் சொல்லுங்க. என் மனசுல முதல் இடம் இதுக்குத்தான், ஏன்னா பேரிடர் நேரத்துல கலெக்டர் ஆபீஸ் உள்ள ஃபைல் எப்படி நகருதுன்னு பாத்தவங்களுக்கு வெளியில இருந்து மனு போடறப்போ எந்த மேசையில போய் கேக்கணும்னு தெரியும்.

மேல்படிப்பு உடனே வேண்டாம். ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு அசிம் பிரேம்ஜி யுனிவர்சிட்டியில எம்ஏ டெவலப்மென்ட் (குடும்ப வருமானத்தப் பாத்து ஃபீஸ் குறைப்பாங்க), இல்ல காந்திகிராம் யுனிவர்சிட்டி, இல்ல சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் ஒர்க். நிர்வாகம் பிடிச்சிருந்தா குஜராத் ஆனந்த்ல இர்மாங்கற கிராம மேலாண்மைக் கல்வி நிறுவனம். சட்டத்துல ஆர்வம் வந்தா மூணு வருஷ எல்எல்பியும் யோசிக்கலாம், 2024ல சுப்ரீம் கோர்ட்டே காலநிலை மாற்றத்தோட பாதிப்புல இருந்து பாதுகாப்பு ஒரு அடிப்படை உரிமைன்னு சொல்லியிருக்கு, கிராமம் தெரிஞ்ச வக்கீல்களுக்கு இனிமே வேலை நெறைய இருக்கும்.

சம்பளம் மறைக்காம சொல்றேன். ஆரம்பத்துல கிராமத்து நிறுவனங்கள்ல மாசம் 15,000, 20,000 அந்த அளவுதான், பெரிய நிறுவனம்னா இன்னும் கொஞ்சம் மேல. அக்ரி ஆபீசர் சம்பளத்தோட ஒப்பிட்டா மனசு கஷ்டப்படும். ஆனா கதவு எதுவும் மூடப் போறதில்ல, பேங்க் அக்ரி ஆபீசர் பரீட்சைக்கு 30 வயசு வரைக்கும் எழுதலாம், பிசி எம்பிசின்னா ஓபிசி சான்றிதழ் வச்சு 3 வருஷம் கூட. நடுவுல மனசு மாறினாலும் கள அனுபவம் இன்டர்வியூல பேசும். அதனால 'இப்ப விட்டா எல்லாம் போச்சு'ங்கற பேச்சு வீட்ல வேண்டாம். அவளுக்கு கல்யாணப் பேச்சு நடக்குதுன்னா, வர்ற மாப்பிள்ளை வீட்டுல இந்த வேலைய முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க, மறைச்சு பண்ணா பின்னாடி வேலையத்தான் முதல்ல நிறுத்தச் சொல்லுவாங்க.

போலீஸ் கேஸ் பத்தின பயம் நியாயமானது. நெடுவாசல், கதிராமங்கலம்னு 2017ல எண்ணெய், எரிவாயு எடுக்கறத எதுத்து நடந்த போராட்டத்த பாத்த ஊர்க்காரங்க நீங்க. அந்த மாதிரி போராட்டங்கள்ல போட்ட வழக்குகள 2021ல அரசு வாபஸ் வாங்குச்சு, ஆனாலும் அதுவரைக்கும் கோர்ட்டுக்கு அலைஞ்சவங்க கஷ்டம் கஷ்டம்தான், அரசு வேலைக்கு போறப்போ போலீஸ் வெரிஃபிகேஷன்லயும் அது நிக்கும். நான் சொல்ற வழி, முதல் சில வருஷம் கிராம சபையில வேலை செய்யட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு சபை இருக்கு, அதுல எழுதற தீர்மானத்துக்கு மதிப்பு இருக்கு, சட்டப்படியும் நடக்குது. போராட்டத்துக்கு போற நாள் வந்தா ஊர் மக்களோட சேர்ந்து, வக்கீல் நம்பர் கையில வச்சுக்கிட்டு போகட்டும், தனியா முன்னாடி போய் நிக்க வேண்டாம். அப்புறம் ராத்திரி பயணம், தங்குற இடம், பாலியல் தொல்லை புகார விசாரிக்கற உள் புகார் குழு இருக்கா இல்லையா, இதெல்லாம் சேரப் போற நிறுவனத்துகிட்ட நேரா கேளுங்க, பதில் சொல்லத் தயங்கினா அந்த இடம் வேண்டாம்.

நாலு வருஷம் கழிச்சும் சொந்தமா ஆரம்பிக்கணும்னு நின்னா நான் கூட நிக்கறேன். அப்ப டிரஸ்ட்டா போடாம சங்கமா பதிவு பண்ணச் சொல்வேன். 1975 சட்டப்படி குறைஞ்சது ஏழு பேரு வேணும், என் கணக்குல அந்த ஏழு பேர்ல நாலு பேராவது அந்த ஊர் கூலி வேலை செய்யற பொம்பளைங்களா இருக்கணும், கணக்கு அவங்க முன்னாடி வாசிக்கணும். குடும்பத்து ஆளுங்கள மட்டும் வச்சு டிரஸ்ட் போட்டா பின்னாடி அது குடும்பச் சொத்து மாதிரி ஆயிடுது, ஊர் தள்ளி நிக்குது. இந்த ஒரு விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்தான்.

இப்போதைக்கு ஒண்ணு செய்ங்க. பொண்ண உங்க ஊர் விஏஓ ஆபீசுல போன சம்பாவுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காத பத்து குடும்பத்தோட விவரத்த எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் ஏன் கிடைக்கலன்னு ஒரு நோட்ல எழுதச் சொல்லுங்க, அவங்க அப்பாவையும் கூட போகச் சொல்லுங்க, அவருக்கு தெரியாத குத்தகைதாரர் அந்த சுத்துவட்டாரத்துல இருக்க மாட்டாங்க. அந்த நோட்டோட ரெண்டு பேரும் என்னைப் பாக்க வரட்டும், எந்த நிறுவனத்துக்கு முதல்ல விண்ணப்பம் போடலாம்னு அதப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்.