காட்டை அழித்தது யார், வளர்த்தது யார்?

“சுற்றுச்சூழல் பாதிப்பை அறிவியலாளர்கள் அளந்துவிடுகிறார்களே, அதில் மானிடவியலுக்கு என்ன வேலை?” என்று கேட்டிருக்கிறீர்கள். அளவு சரியாக இருந்தாலும் கதை தலைகீழாகப் போய்விடலாம். அதற்கு நல்ல உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலுள்ள கிஸ்ஸிடுகு பகுதி.

அங்கே புல்வெளி நடுவே ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் தீவுபோல அடர்ந்த காடு. ‘முன்பு எல்லாமே காடு, மக்கள் வெட்டியதில் மிச்சம் இதுதான்’ என்று பிரெஞ்சு அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். விடுதலைக்குப் பிறகும் அரசு அதையே நம்பியது, புல்லுக்குத் தீ வைத்தவர்களைக் கடுமையாகத் தண்டித்தது.

1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற இரு மானிடவியலாளர்கள் அங்கே போய்த் தங்கி, முதியவர்களிடம் பேசினார்கள். அப்புறம் 1952ஆம் ஆண்டு வான்படங்களைப் புதிய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். பல ஊர்களில் காடு வளர்ந்துதான் இருந்தது!

வளர்த்தவர்கள் ஊர்க்காரர்களே. கூரை வேய வீட்டருகே புல்லை அறுப்பார்கள், மீதியை மாடு மேயும். எரிய எதுவும் இல்லாததால் கோடைத் தீ ஊரை நெருங்காது. வீட்டுக் குப்பையும் சாம்பலும் விழுந்து மண் கொழுக்கும். போர்க்காலத்தில் அரணாக இலவ மரங்களையும் நட்டார்கள். நம் இலவம்பஞ்சு மரமேதான்.

எனக்கு இதில் மனம் கனப்பது ஒன்றுதான்: அந்த முதியவர்கள் எப்போதும் அங்கேயேதான் இருந்தார்கள், பல பத்தாண்டுகளாக யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.