சீட் இல்லாத சைக்கிள் இப்போது வேண்டாம், தம்பி

கேள்வி: எனக்கு வயது 19, உயரம் 5 அடி 7 அங்குலம், ஊர் காவேரிப்பட்டினம். ஸ்ட்ரீட் ட்ரயல்ஸ், அதாவது தெருவில் உள்ள தடைகள்மேல் காலை ஊன்றாமல் சைக்கிளோடு துள்ளி ஏறும் விளையாட்டு, பழக ஆசை. கையில் 20 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. பெங்களூரில் ஒருவர் சீட்டே இல்லாத பழைய 20 இன்ச் ட்ரயல்ஸ் சைக்கிளை 16 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வீட்டில் 26 இன்ச் கியர் சைக்கிள் ஒன்று சும்மா நிற்கிறது.

பதில்: வாங்காதீர்கள். அது மோசமான சைக்கிள் என்பதால் அல்ல, அது போட்டிக்காகச் செய்யப்பட்டது. அதில் கிராங்க் அச்சு (பெடல் கைகள் சுற்றும் அச்சு), சக்கரத்தின் அச்சைவிட உயரத்தில் இருக்கும். பின்சக்கரத்தில் நின்று துள்ள அது வசதிதான். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் அதே காரணத்தால் சட்டென்று மல்லாக்க விழுவார். உட்காரவும் முடியாது, கியரும் மிகச் சிறியது. வீட்டிலிருந்து பழகும் இடம்வரை ஓட்டிப் போவதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

நீங்கள் கேட்கும் ஸ்ட்ரீட் ட்ரயல்ஸ் வேறு ரகம். சுவர், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி என்று ஊரையே மைதானமாக்கும் விளையாட்டு இது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைச் சேர்ந்த டேனி மெக்காஸ்கில் 2009-ல் எடின்பரோ தெருக்களில் ஓட்டிக் காட்டிய வீடியோ வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அவர் ஓட்டியது சீட் வைத்த 24 இன்ச் சைக்கிள். சுழலவும் திருப்பவும் 24 இன்ச் அருமையாக இருக்கும். ஆனாலும் உங்களுக்கு நான் 26 இன்ச்தான் சொல்வேன். 24 இன்ச்சில் அகலமான, தடித்த டயர் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது கஷ்டம். இந்த விளையாட்டில் டயரும் ட்யூபும் சீக்கிரம் போகும். ஒவ்வொரு தடவையும் பார்சலுக்குக் காத்திருந்தால் பழக்கம் விட்டுப்போகும்.

அதனால் முதல் மூன்று மாதம் வீட்டில் நிற்கும் சைக்கிளிலேயே பழகுங்கள். சீட்டை முடிந்தவரை கீழே இறக்குங்கள். செயினை முன்னால் சிறிய பல்சக்கரத்திலும் பின்னால் நடு வரிசையிலும் போட்டுவிட்டு கியரைத் தொடாதீர்கள். முன்னால் 22 பல், பின்னால் 18 பல் என்பது 26 இன்ச் ட்ரயல்ஸில் வழக்கமான அளவு. அதை ஒட்டி இருந்தால் போதும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கைப் பூட்டும் லாக் இருந்தால் பூட்டிவிடுங்கள், ஸ்பிரிங் உங்கள் துள்ளலை விழுங்கிவிடும்.

பணத்தை முதலில் பின் பிரேக்கில் போடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ட்ரயல்ஸில் பிரேக் என்பது நிறுத்துவதற்கு மட்டுமல்ல, நிற்பதற்கு. பின்சக்கரம் கல்போல இறுகினால்தான் அதன்மேல் உடம்பை நம்பி வைக்க முடியும். ஒரே விரலால் பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளிப் பாருங்கள்: டயர் தேய்ந்துகொண்டு வரலாம், உருளக் கூடாது. ஃப்ரேமில் டிஸ்க் மாட்ட இடம் இருந்தால் ஹைட்ராலிக் டிஸ்க் போடுங்கள். இல்லாவிட்டால் ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்குக்கு நல்ல பேட் மாற்றி, ரிம்மில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, வீலில் கோட்டம் எடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்தது ஃப்ரீவீல், அதாவது முன்னே மிதித்தால் பிடித்து, பின்னே மிதித்தால் சும்மா சுற்றும் பல்சக்கரம். 18 இடத்தில் பிடிக்கும் ஃப்ரீவீல், பிடிப்பதற்கு முன் 20 டிகிரிவரை சும்மா சுற்றலாம். 72 இடத்தில் பிடிப்பது 5 டிகிரிக்குள் பிடித்துவிடும். கல் விளிம்பில் நிற்கும்போது அந்த இடைவெளிதான் ஆளைத் தள்ளும். பழைய கிரீஸ் இறுகிய ஃப்ரீவீல் நழுவவும் செய்யும். நான் பழகிய முதல் வருடம் அப்படி நழுவி, பெடல் முழங்காலுக்குக் கீழே கிழித்து ஏழு தையல் போட்டார்கள். கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். கால்பந்து ஆடுகிறவர்கள் கட்டும் ஷின் கார்டும் ஹெல்மெட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பழக இடத்துக்குக் கிருஷ்ணகிரியில் பஞ்சமில்லை. கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கிய துண்டுக் கல்லைக் கேட்டு வாங்கலாம். பாலிஷ் போட்ட பக்கம் கீழே இருக்கட்டும், மேலே சொரசொரப்பு வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு மரப் பேலட் போதும், உயரம் ஒரு சாண்கூட வராது. முதல் இரண்டு வாரம் எதிலும் ஏறாமல், ஓடாமல் ஒரே இடத்தில் பெடலில் நின்று பழகுங்கள். ஒகேனக்கல் பாறை வேண்டவே வேண்டாம், தண்ணீர் பட்ட பாறையில் எந்த டயரும் பிடிக்காது.

மூன்று மாதம் கழித்தும் ஆசை குறையவில்லையென்றால், ஒரே கியர் உள்ள 26 இன்ச் டர்ட் ஜம்ப் சைக்கிளை (மண்மேட்டில் தாவுவதற்கான உறுதியான சைக்கிள்) பழசாகத் தேடுங்கள். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை டேப் வைத்து அளந்தால் 38 சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். சாதாரணக் கியர் சைக்கிளில் இது 42, 43 இருக்கும். குறைந்தால்தான் முன்சக்கரம் லேசாக எழும்பும். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ளதை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். அலுமினிய ஃப்ரேம் என்றால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்: ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள வெல்டிங்கையும் கிராங்கைச் சுற்றியுள்ள இடத்தையும் துணியால் துடைத்து, மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். முடி அளவு கோடு தெரிந்தாலும், பெயின்ட்தான் உரிந்திருக்கிறது என்று விற்பவர் சொன்னாலும், பணத்தை எடுக்காமல் திரும்பி வாருங்கள்.