தம்பியின் தொண்டுக்கு அக்கா வாங்கும் கடன்

கேள்வி: என் வயது 46. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 1,18,000 ரூபாய். தம்பி தன் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் மூன்று வருடமாகக் கென்யாவில், நைரோபி பக்கத்தில் இருக்கிறான். படிப்பை விட்ட இளைஞர்களுக்குத் தையலும் மோட்டார் பைக் ரிப்பேரும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆரம்பத்தில் உதவிய நண்பர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். நான் மாதம் 25,000 அனுப்புகிறேன். அவசரம் என்றால் அதற்கு மேலும் அனுப்புவேன். இதற்காக வாங்கிய பர்சனல் லோனில், இரண்டு டாப்-அப் (அதே கடனில் கூடுதலாக வாங்கியது) சேர்த்து, 7.4 லட்சம் பாக்கி (வட்டி 14%, தவணை 21,500). நகைக்கடன் 3 லட்சம், வட்டி 10%. இது கணவருக்குத் தெரியாது. வீட்டுக்கடன் தவணை 24,000, மகளின் படிப்புக்கு 12,000, வீட்டுச் செலவு 42,000. எஃப்.டி.யில் 2.5 லட்சம் உண்டு. இப்போது தம்பி வேன் வாங்க 8 லட்சம் கேட்கிறான். புதிதாக 10 லட்சம் கடன் வாங்கி மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, எஸ்.டபிள்யூ.பி. (ஃபண்டிலிருந்து மாதாமாதம் ஒரு தொகையை எடுக்கும் முறை) மூலம் மாதம் 25,000 எடுத்து அனுப்பினால் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? அனுப்பும் பணத்துக்கு 80ஜி (நன்கொடைக்கான வரிச் சலுகை) உண்டா? (பெயர் வேண்டாம்.)

பதில்: செய்யாதீர்கள். எஸ்.டபிள்யூ.பி. யோசனையை முதலில் முடித்துவிடுவோம். 10 லட்சத்தை 14 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் தவணை ஏறக்குறைய 23,300 ரூபாய். அந்தத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்துதானே போக வேண்டும்? ஃபண்டு வருடம் 10% தந்தாலும், மாதம் 25,000 எடுத்தால் நான்கு வருடத்தில் பணம் கரைந்துவிடும். தவணை ஐந்தாவது வருடமும் ஓடும். போட்டவுடன் சந்தை 20% இறங்கினால் மூன்று வருடத்தோடு சரி. கைவசம் பெரிய தொகை வைத்திருக்கும் ஓய்வு பெற்றவர் அளவோடு எடுத்துச் செலவு செய்வதற்கு எஸ்.டபிள்யூ.பி. நல்ல வழி. இப்போது எந்தப் பிரச்சினை என்றாலும் அதையே மருந்தாகச் சொல்கிறார்கள். கடன் வாங்கிய பணத்தில் அதைச் செய்யச் சொல்பவரின் பேச்சை இனிக் கேட்காதீர்கள்.

இப்போது உங்கள் மாதக் கணக்குக்கு வருவோம். வீட்டுக்கடன் 24,000, பர்சனல் லோன் 21,500, வீட்டுச் செலவு 42,000, படிப்பு 12,000, தம்பிக்கு 25,000. மொத்தம் 1,24,500. நகைக்கடனுக்கு மாதம் 2,500 வட்டி ஏறுகிறது, அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் 1,27,000. வருவது 1,18,000. மாதம் 9,000, வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் துண்டு விழுகிறது. தம்பி அவசரம் என்று எதுவுமே கேட்காத வருடத்திலும் இந்தத் துண்டு விழும். இரண்டு டாப்-அப் வந்தது இப்படித்தான்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பலமுறை பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு 40,000, தையல் மெஷினுக்கு 55,000, வாடகை பாக்கிக்கு 30,000. ஒவ்வொன்றுக்கும் எதிரில் "இந்த மாதம் மட்டும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் செய்யும் வேலை நல்ல வேலை. ஆனால் அவர் கேட்கிறார், நீங்கள் கையில் இல்லாத பணத்தைக் கடன் வாங்கிக் கொடுக்கிறீர்கள். மாற்ற வேண்டியது இந்த ஒரு பழக்கத்தைத்தான். கடனில் வந்த பணம் என்பது அவருக்குத் தெரியாததால், அக்காவிடம் பணம் இருக்கிறது என்று நம்பித்தான் வேன் வரைக்கும் வந்திருக்கிறார்.

இந்தப் பழக்கத்துக்கு ஆகும் செலவைப் பாருங்கள். பர்சனல் லோன் தவணையில் இன்றைய நிலவரப்படி 8,600 ரூபாய் வெறும் வட்டி. நகைக்கடன் வட்டியையும் சேர்த்தால் மாதம் 11,100. வருடத்துக்கு 1.33 லட்சம். தம்பிக்கு நீங்கள் ஐந்து மாதம் அனுப்பும் பணம் அது. ஒரு பையன்கூட அதில் தொழில் கற்றுக்கொள்ளவில்லை.

சரி, என்ன செய்யலாம்? உதவியை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது உங்களால் முடியாது, தேவையும் இல்லை. மாதம் 10,000 என்று குறைத்துக்கொள்ளுங்கள். எஃப்.டி.யில் 1.5 லட்சத்தை உடைத்து நகைக்கடனில் பாதியைக் கட்டுங்கள். ஒரு லட்சம் கைச்செலவு அவசரத்துக்கு இருக்கட்டும். நகைக்கடன் வட்டி மாதம் 1,250 ஆகிவிடும். தம்பிக்கு அனுப்புவதில் 15,000 குறைவதால் துண்டு நின்று, கையில் 7,250 மிஞ்சும். அது முழுக்க நகைக்கடன் அசலுக்கு. இருபது மாதம் போல ஆகும், நகை வீட்டுக்கு வந்துவிடும். போனஸ் வந்தால் இன்னும் சீக்கிரம். அப்புறம் தம்பிக்கு 15,000 ஆக்குங்கள். பர்சனல் லோன் முடிய இன்னும் 44 மாதம். அது முடிகிறபோது நீங்கள் விரும்பினால் மறுபடி 25,000 அனுப்பலாம், கடன் இல்லாமல்.

10,000 ரூபாயை மாதாமாதம் அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,000 ஆக அனுப்புங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு தடவையும் வங்கிக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. சின்னத் தொகைகளில் அது உறுத்தும்.

தம்பியிடம் சொல்வதுதான் கஷ்டமான பகுதி. போனில் பேசினால் நீங்கள் இளகிவிடுவீர்கள், அதனால் எழுதி அனுப்புங்கள். "இதுவரை அனுப்பியதில் பெரும்பகுதி கடன் வாங்கி அனுப்பியது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,000 தவறாமல் வரும். அதற்கு மேல் எந்த அவசரத்துக்கும் என்னால் முடியாது. இதை வைத்துத் திட்டமிடு." இவ்வளவு போதும். விளக்கம் கூடக் கூட பேரம் தொடங்கும்.

அவரிடம் ஒரு பக்கக் கணக்கும் கேளுங்கள்: குடும்பச் செலவு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு. இரண்டும் கலந்திருக்கும் வரை நண்பர்கள் உதவத் தயங்குவார்கள், அவர்கள் விலகியதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் பட்டியலில் ஆஸ்பத்திரிச் செலவும் இருக்கிறது. அப்புறம், அமைப்பு பதிவு செய்யப்பட்டதா? கென்யாவில் பொதுநல அமைப்புகளுக்கான சட்டம் 2013இல் நிறைவேறி, 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் பதிவு இருந்தால் நிறுவனங்களிடம் முறையாக உதவி கேட்கலாம். அங்கே தேசியத் தொழில் பயிற்சி ஆணையம் நடத்தும் டிரேட் டெஸ்ட் இருக்கிறது. இத்தனை பேர் மெக்கானிக் தேர்விலும் தையல் தேர்விலும் தேறினார்கள் என்று காட்டினால் கொடுப்பவருக்கு நம்பிக்கை வரும். ஒரே அக்காவின் சம்பளத்தில் நிற்கிற பயிற்சி நிலையம், அக்காவுக்கு ஒரு உடம்பு முடியாமல் போனால் மூடிவிடும். அந்த இளைஞர்களுக்காகவாவது அவர் பத்துப் பேரிடம் சின்னத் தொகையாகக் கேட்டுப் பழக வேண்டும்.

வேன் வேண்டாம். வாடகைக்கு எடுக்கட்டும். அனுப்பினால், மாதாமாதம் அனுப்புவதோடு சேர்த்து இந்த வருடம் மொத்தம் 11 லட்சம் ஆகிவிடும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அன்பளிப்பாக வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேலே போகிற தொகைக்கு 20% டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். கூடுதல் ஒரு லட்சத்துக்கு 20,000. ரிட்டர்ன் போடும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். புதிய அளவில் அனுப்பினால் இந்தப் பேச்சே எழாது.

80ஜி கிடைக்காது. தம்பிக்கு அனுப்புவது அன்பளிப்பு, வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பினாலும் சலுகை இல்லை. இந்தியாவில் அதற்கென ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்.

கடிதத்தின் கடைசியில், நண்பர்கள் பணத்தை உங்கள் கணக்கில் போட்டு நீங்கள் மொத்தமாக அனுப்பலாமா என்று தம்பி கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே கூடாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். அது எனக்கு வந்தது இல்லை, வெறுமனே கைமாற்றினேன் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். கொடுக்க விரும்புகிறவர்கள் அவரவர் வங்கியிலிருந்து, அவரவர் பான் எண்ணில் நேரடியாக அனுப்பட்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன், தம்பிக்கு எழுதுவதற்கும் முன், அடகுச் சீட்டையும் இந்தக் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். கோபப்படுவார், படட்டும். எஃப்.டி.யை உடைப்பதும் நகையை மீட்பதும் அவருக்குத் தெரியாமல் நடக்கிற காரியம் இல்லை. தம்பிக்குப் போகிற செய்தியில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். அடுத்த அவசரத்துக்கு அவர் உங்களைத் தனியாக அழைத்தால், மாமாவிடமும் பேசு என்று சொல்லிவிடலாம்.