எந்த லேப்ல உள்ள கூப்பிடணும்? பிட் ஸ்டாப் பத்தி நம்ம ஊர்க்காரங்க கேட்டதும் என் பதிலும்

எஃப் ஒன் கார் ரேஸ்ல பிட் ஸ்டாப் (ரேஸ் நடுவுல டயர் மாத்த வண்டி ஓரத்துல இருக்க பிட் லேனுக்குள்ள வந்து நிக்குதது), டயர், ரிசல்ட், எதப் பத்தி வேணாலும் கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்னு சொல்லியிருந்தேன், கேள்வி குமிஞ்சுட்டு. லேப்னா ட்ராக்க ஒரு முழுச் சுத்து. ஒரே மாதிரி கேட்டத ஒண்ணா சேத்துட்டேன். பேரு போடல, ஊரு மட்டும்தான் போட்டுருக்கேன்.

தென்காசி: அண்ணாச்சி, ரெண்டு செகண்ட்ல நாலு டயரையும் மாத்திருதாங்க. ஆனா பிட்டுக்கு போனா இருவது செகண்ட் போச்சுன்னு சொல்லுதாங்க. கணக்கு ஒதைக்கே?

மொதல்ல இது வெளங்குனாதான் தம்பி மத்ததெல்லாம் வெளங்கும். டயர் மாத்த ரெண்டு ரெண்டர செகண்டுதான், ஆனா பிட் லேனுக்குள்ள 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது, மோனாக்கோ மாதிரி நெருக்கடியான எடத்துல 60தான். இவன் உள்ள 80ல உருண்டுக்கிட்டு இருக்கும்போது வெளிய மத்தவன் முன்னூறுல போறாம்லா, அந்த வித்தியாசம்தான் ட்ராக்க பொறுத்து இருவது இருவத்தஞ்சு செகண்ட் வருது. வீலுக்கு மூணு பேரு, ஒருத்தன் வீல் கன் மெஷின வச்சு நட்ட கழட்டுவான், ஒருத்தன் பழச உருவுவான், ஒருத்தன் புதுச மாட்டுவான், அதுபோக முன்ன பின்ன ஜாக்கி போடுதவங்க, வண்டிய ஆடாம புடிக்கவங்க. 2019 பிரேசில்ல ரெட்புல் டீம் 1.82 செகண்ட்ல மாத்துனாங்க, 2023 கத்தார்ல மெக்லாரன் டீம் அவங்க டிரைவர் நாரிஸ் வண்டிக்கு 1.80ல முடிச்சு அந்த ரெக்கார்ட உடைச்சாங்க. பாக்க மயிர்க்கூச்செறியும், நான் இல்லேங்கல. ஆனா 1.8க்கும் 2.3க்கும் நடுவுல அர செகண்டுதான் இருக்கு, தப்பான லேப்ல உள்ள கூப்பிட்டா பத்து பதினஞ்சு செகண்ட் சுளையா போயிரும். அதனால ஸ்டாப்வாட்ச பாக்காதிய, லேப் நம்பர பாருங்க.

அம்பாசமுத்திரம்: எதுக்கு மாத்தணும்? ஒரே டயர்ல கடைசி வரைக்கும் ஓட்டுனா என்ன?

ரூல் விடாது. ரோடு காஞ்சு கெடந்தா ரெண்டு வகை டயராவது போட்டாகணும். செவப்பு கோடு போட்டது சாஃப்ட், மஞ்ச மீடியம், வெள்ள ஹார்டு. சாஃப்ட் நல்லா புடிக்கும், வெரசா தேஞ்சுரும், ஹார்டு அதுக்கு நேர் எதிர். மழை பெஞ்சா பச்ச, ரொம்ப பெஞ்சா நீலம், அப்ப இந்த ரெண்டு வகை ரூல் கெடையாது. அதனாலதான் 2021 துருக்கி ரேஸ்ல ஓக்கான்ங்குத டிரைவர் பிட்டுக்கே வராம ஒரே செட்ல ஓட்டி பத்தாவது வந்தான், கடைசியில டயர் பரிதாபமா கெடந்துது.

இன்னொண்ணு சொல்லணும். 2005ல ரூல் தலைகீழா இருந்துது, ரேஸ்ல டயர் மாத்தவே கூடாது, பெட்ரோல் மட்டும் போட்டுக்கலாம். அந்த வருசம் இண்டியானாபோலிஸ்ல மிஷலின் கம்பெனி டயர் அந்த ட்ராக்ல ஒரு வளைவத் தாங்காதுன்னு தெரிஞ்சு அந்த டயர் போட்ட வண்டியெல்லாம் ரேஸுக்கு முந்தி வர ஃபார்மேஷன் லேப் முடிஞ்சதும் ஒதுங்கிட்டு, ஆறே ஆறு வண்டிதான் ரேஸ் ஓடிச்சு. அதுல நாலாவது வந்தது யாரு, நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஜோர்டான் வண்டியில. அஞ்சு பாயிண்ட். ஆறு வண்டிதானேன்னு லேசா பேசுதவங்கள எனக்கு புடிக்காது. அந்த ட்ராக்ல கடைசி வரைக்கும் வண்டிய உருப்படியா கொண்டுவந்து சேத்தாம்லா, அந்த பாயிண்ட் அவன் சம்பாத்தியம்.

வள்ளியூர்: அண்டர்கட், ஓவர்கட்டுன்னு சொல்லுதாங்களே, எங்களுக்கு புரியுத மாதிரி சொல்லுங்க அண்ணே.

முன்னால போறவன ரோட்டுல தாண்ட முடியலன்னா அவனுக்கு ஒரு லேப் முந்தியே நீ உள்ள போயி புது டயர் மாத்திட்டு வந்துரணும். அவன் அடுத்த லேப்பும் பழைய டயர்ல தடவிக்கிட்டு போவான், நீ புதுசுல வெரட்டுவ. அவன் மாத்திட்டு வெளிய வரும்போது நீ முன்னால போயிருப்ப. இதுதான் அண்டர்கட். 2021 பிரான்ஸ் ரேஸ்ல ரெட்புல் டிரைவர் வெர்ஸ்டாப்பன் மொத வளைவுலயே தப்பு பண்ணி மெர்சிடிஸ் டிரைவர் ஹாமில்டனுக்கு பின்னால போயிட்டான், அப்புறம் 18வது லேப்ல உள்ள வந்தான், ஹாமில்டன் 19ல வந்தான், வெளிய வரும்போது வெர்ஸ்டாப்பன் முன்னால. ஒத்த லேப், அவ்வளவுதான்.

ஓவர்கட்டு இதுக்கு நேர் எதிர், அவன் உள்ள போனதும் நீ வெளியவே இருந்து வெரட்டணும். புது டயர் சூடேற நேரம் எடுக்குத எடத்துல, மோனாக்கோ மாதிரி ட்ராக்ல, இது பலிக்கும்.

பேட்டை: சேஃப்டி கார் வந்தா எல்லாரும் அடிச்சுப் புடிச்சு பிட்டுக்கு ஓடுதாங்களே, அப்ப மட்டும் என்ன சலுகை?

விபத்து நடந்தா எல்லாரையும் மெதுவா கூட்டிட்டுப் போக முன்னால வர வண்டிதான் சேஃப்டி கார். குலவணிகர்புரம் ரயில்வே கேட் போட்டுட்டாம்னா என்ன ஆகும்? முன்னால போன வண்டியும் நிக்கும், பின்னால வந்த வண்டியும் நிக்கும், அந்த நேரத்துல நீங்க பக்கத்துல போயி டயருக்கு காத்து அடிச்சுட்டு வந்தாலும் யாரும் உங்கள விட்டுட்டு பெருசா போயிர முடியாது. அதேதான். வெளிய இருக்கவங்க மெதுவா போறதால பிட்டுக்கு போற நட்டம் ஏறக்குறைய பாதியா கொறஞ்சுரும்.

சங்கரன்கோவில்: தம்பி, 2025 கத்தார்ல மெக்லாரன் ஏன் உள்ள வரலன்னு எனக்கு இன்னும் ஆறல. எங்க வீட்டுல ராத்திரி பூரா இதே சண்ட. நீங்க சொல்லுங்க.

அக்கா, இந்த கேள்விதான் அதிகமா வந்துது, வெலாவாரியா சொல்லிருதேன். அந்த ரேஸுக்கு மட்டும் ஒரு தனி ரூல், ஒரு செட் டயர்ல 25 லேப்புக்கு மேல ஓட்டக்கூடாது. ரேஸ் 57 லேப். 25ம் 25ம் அம்பது, மிச்சம் ஏழு. 7வது லேப்ல ஹல்கன்பர்க்கும் காஸ்லியும் இடிச்சுக்கிட்டாங்க, சேஃப்டி கார் வந்துட்டு. சரியா ஏழாவது லேப்! அப்ப உள்ள வந்தா 32ல ஒரு தடவ, அப்புறம் நேரா முடிவு. ரெண்டு ஸ்டாப்புல ஒண்ணு பாதி வெலையில முடிஞ்சுருது. வெர்ஸ்டாப்பன் வந்தான், மத்தவங்களும் ஏறக்குறைய எல்லாரும் வந்தாங்க, மெக்லாரன்ல முன்னால போன பியாஸ்ட்ரியும் மூணாவது ஓடுன நாரிஸும் வெளியவே இருந்துட்டாங்க.

மெக்லாரன் பக்கம் நியாயமே இல்லன்னு சொல்ல முடியாது. ஏழுல வந்தவன் கை கட்டிப் போட்ட மாதிரி ஆயிருவான், 32ல வந்தே தீரணும், முந்தவும் முடியாது பிந்தவும் முடியாது, அதுல இன்னொரு சேஃப்டி கார் வேற நேரத்துல வந்தா அவனுக்கு ஒண்ணும் பண்ண ஏலாது. வெளிய இருக்கவனுக்கு எப்ப வேணா வரலாம்ங்குத வசதி இருக்கு. பாதி பேராவது வெளிய இருந்திருந்தா அந்த வசதிக்கு மதிப்பு இருந்திருக்கும். ஆனா அந்த ட்ராக்ல ஒருத்தன தாண்டுததே கஷ்டம், பிட்டுக்கு போனா இருவத்தஞ்சு செகண்ட் கிட்ட நட்டம், அடுத்த சேஃப்டி கார் வருமோ வராதோன்னு நம்பி கையில இருக்க பத்து செகண்டுக்கு மேல விடுததா? நான் அந்த டீம் ரேடியோல இருந்திருந்தா ஒரு வண்டியையாவது உள்ள கூப்பிட்டுருப்பேன். ரெண்டையும் ஒரே பக்கம் வச்சதுதான் தப்பு. முன்னால ஓடுதவன் வெளிய இருந்தா பின்னால இருக்கவன உள்ள அனுப்பிருக்கணும், எது பலிச்சாலும் டீமுக்கு ஒண்ணு கெடைச்சிருக்கும்.

கடைசியில வெர்ஸ்டாப்பன் ஜெயிச்சான், பியாஸ்ட்ரி எட்டு செகண்ட் கிட்ட பின்னால ரெண்டாவது, சைன்ஸ் மூணாவது, நாரிஸ் நாலாவது. இதுல ஒண்ணு பாருங்க, நாரிஸ் அந்த நாலாவது எடத்தையே கடைசிக்கு முந்தின லேப்ல அன்டோனெல்லி ட்ராக்க விட்டு வெலகுனதாலதான் புடிச்சான், அதனால ரெண்டு பாயிண்ட் கூட கெடைச்சுது. அடுத்த வாரம் அபுதாபில, சீசன் கடைசி ரேஸ்ல, மொத்த பாயிண்ட் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421ன்னு முடிஞ்சு நாரிஸுக்கு கப்பு. அந்த ரெண்டு பாயிண்ட் இல்லாம இதே மாதிரி முடிஞ்சிருந்தா ரெண்டு பேரும் சமம், வெர்ஸ்டாப்பன் எட்டு ரேஸ் ஜெயிச்சவன், நாரிஸ் ஏழு, கப்பு கை மாறிருக்கும். நெனைச்சுப் பாத்தா இப்பவும் எனக்கு நெஞ்சு படபடங்கு.

கடையநல்லூர்: அப்ப 2021 அபுதாபில ஹாமில்டன உள்ள கூப்பிடாதது மெர்சிடிஸ் தப்பா?

இல்ல. அடிச்சுச் சொல்லுதேன், இல்ல. அது சீசன் கடைசி ரேஸ், ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் பாயிண்ட்ல சமமா வந்தாங்க, ரேஸ்ல ஹாமில்டன் முன்னால, வெர்ஸ்டாப்பன் ரெண்டாவது. 58 லேப் ரேஸ்ல 53வது லேப்ல லட்டிஃபின்னு இன்னொரு டிரைவர் செவுத்துல விட்டான், சேஃப்டி கார் வந்துட்டு, வெர்ஸ்டாப்பன் உள்ள போயி புது டயர் மாத்துனான், ஹாமில்டன் வெளியவே இருந்தான். ஹாமில்டன் உள்ள போயிருந்தா வெர்ஸ்டாப்பன் வெளிய இருந்து முன்னால வந்துருப்பான், ரேஸ் சேஃப்டி கார் பின்னாலயே முடிஞ்சிருந்தா கப்பும் போச்சு. பின்னால இருக்கவனுக்கு இழக்க ஒண்ணும் இல்ல, முன்னால இருக்கவன் என்ன பண்ணுதானோ அதுக்கு மாத்தி பண்ணுனா போதும். அப்புறம் ரேஸ் டைரக்டர் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த அஞ்சு வண்டிய மட்டும் முன்ன போகச் சொல்லி கடைசி ஒரு லேப்ப ஓட விட்டதும், அதுல வெர்ஸ்டாப்பன் தாண்டி கப்ப எடுத்ததும் வேற விஷயம், அத எந்த ஸ்ட்ராட்டஜி கம்ப்யூட்டராலயும் கணக்கு போட முடியாது.

திசையன்விளை: ஒரு ஸ்டாப்பா ரெண்டு ஸ்டாப்பா, எது நல்லது?

இதுக்கு ஒரே பதில் கெடையாதுவே, அதாம் அழகே. 1998 ஹங்கேரில ஷூமாக்கர் ரெண்டு மெக்லாரனுக்கும் பின்னால மாட்டிக்கிட்டான், அவன் ஃபெராரி டீமோட டெக்னிக்கல் டைரக்டர் ராஸ் ப்ரான் மூணு ஸ்டாப்புக்கு மாத்துனாரு, மாத்திட்டு 19 லேப்ல 25 செகண்ட் எடுத்துக் குடுன்னு கேட்டாரு. அத எடுத்துக் குடுத்து ஜெயிச்சான். அதே ஹங்கேரில 2019ல ஹாமில்டன் 48வது லேப்ல ரெண்டாவது தடவ உள்ள வந்தான், இருவது செகண்ட் பின்னால போயிட்டான், முடியாதுன்னுதான் எல்லாரும் நெனைச்சோம், 67வது லேப்ல வெர்ஸ்டாப்பன தாண்டிட்டான். ரேஸ் மொத்தமே 70 லேப்.

இதப் பாத்துட்டு எப்பவும் ஒரு ஸ்டாப் கூட போட்டா நல்லதுன்னு நெனைச்சிராதிய. 2024 இத்தாலி மோன்சா ட்ராக்ல லெக்லெர்க் 15வது லேப்ல ஒரே ஒரு தடவ மாத்திட்டு மிச்சம் 38 லேப்பையும் ஒரே ஹார்டு டயர்ல ஓட்டுனான், பியாஸ்ட்ரி ரெண்டு தடவ மாத்திட்டு வெரட்டி வெரட்டி வந்தும் புடிக்க முடியல. தாண்டுதது லேசான ட்ராக்கா, டயர் தேயுதா, பிட்டுக்கு போற நட்டம் எவ்வளவு, இந்த மூணும் சேந்துதான் முடிவு பண்ணும்.

நாங்குநேரி: ஜெயிச்சவன அப்புறம் கூப்பிட்டு செல்லாதுன்னு சொல்லுததெல்லாம் நியாயமா?

ரூல்னா ரூல். 2024 பெல்ஜியம் ரேஸ்ல, ஸ்பா ட்ராக்ல, மெர்சிடிஸ் டிரைவர் ரசல் ஆறாவது எடத்துலேந்து கெளம்பி, முன்னால ஓடுன மத்தவங்க ரெண்டு ஸ்டாப் போட, தான் ஒரே ஸ்டாப்புல 34 லேப் பழைய ஹார்டுல தாங்கி ஜெயிச்சான். வண்டிய எடை போட்டா, அப்ப ரூல்படி இருக்க வேண்டிய 798 கிலோவுக்கு ஒன்றரை கிலோ கம்மி. ரிசல்ட் போச்சு, ஹாமில்டனுக்கு குடுத்துட்டாங்க. அவ்வளவு லேப் ஓட்டுனதுல தேஞ்சு போன ரப்பரும் அதுக்கு ஒரு காரணம். மத்த ட்ராக்ல ரேஸ் முடிஞ்சதும் மெதுவா ஒரு சுத்து வரும்போது ரோட்டுல கெடக்க ரப்பர டயர்ல ஒட்ட வச்சுக்குவாங்க, ஸ்பால அந்த முழுச் சுத்து கெடையாது. எனக்கு அன்னைக்கு ரொம்ப வருத்தம், ஓட்டுனவன் மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனாலும் ஒன்றரை கிலோவ இன்னைக்கு விட்டா நாளைக்கு மூணு கிலோ கேப்பாங்க. 2025 லாஸ் வேகஸ்லயும் வண்டிக்கு அடியில இருக்க பலகை அளவுக்கு மேல தேஞ்சுட்டுன்னு ரெண்டு மெக்லாரனையும் தூக்குனாங்க.

மேலப்பாளையம்: ரொம்ப மோசமான பிட் ஸ்டாப் எது?

2021 மோனாக்கோல போட்டாஸ். ரெண்டாவதா ஓடிக்கிட்டு இருந்தான், வீல் நட்டு மரை போயி கழலவே இல்ல, ரேஸே முடிஞ்சு போச்சு. 2016ல அதே மோனாக்கோல ரிக்கியார்டோ உள்ள வரும்போது டயரே ரெடியா இல்ல, ஹாமில்டன் ஜெயிச்சுட்டான்.

களக்காடு: தல ரேஸ்ல மட்டும் பிட்டுல ரொம்ப நேரம் நிக்காங்களே?

அது எண்டூரன்ஸ் ரேஸ் தம்பி. 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் டீம் 991ங்குத வண்டிப் பிரிவுல மூணாவது வந்துதுலா, அதுல டிரைவர் மாறணும், பெட்ரோல் போடணும், ராத்திரி பகல்னு ஓடணும். எஃப் ஒன்ல 2010லேந்து ரேஸ் நடுவுல பெட்ரோல் கெடையாது. 2024ல மெட்ராஸ் தீவுத்திடல் சுத்தி ராத்திரியில ஓடுன ஃபார்முலா ஃபோர் சின்ன ரேஸ், அதுல பிட் ஸ்டாப் பேச்சுக்கே எடம் இல்ல.

ஏர்வாடி: டிவில பாக்கும்போது யாரு எப்ப உள்ள வருவான்னு நாங்களே கண்டுபுடிக்க முடியுமா?

முடியும். ரேஸ் தொடங்கும்போதே அந்த ட்ராக்ல பிட்டுக்கு போனா எத்தன செகண்ட் நட்டம்னு சொல்லிருவாங்க, அத மனசுல வச்சுக்கிடுங்க, இருவத்திரெண்டுன்னு வைங்க. உங்க ஆளுக்கு 22 செகண்ட் பின்னால யாரு ஓடுதான்னு எடது பக்க லிஸ்ட்ல பாருங்க, உள்ள போயிட்டு வந்தா அவன்கிட்டதான் வந்து விழுவான். அங்க மெதுவா போற வண்டி கூட்டமா கெடந்தா டீம் கூப்பிடாது, எடம் காலியா இருந்தா கூப்பிடும். பின்னால இருக்கவன் ரெண்டு செகண்டுக்குள்ள நெருங்கிட்டான்னா அண்டர்கட்டுக்கு பயந்து உடனே கூப்பிடுவாங்க. ஐரோப்பா ரேஸ் பெரும்பாலும் நமக்கு சாய்ங்காலம் ஆறரைக்குதான் வருது, ஒரு பேப்பர் பேனா எடுத்து வச்சுக்கிட்டு பத்தாவது லேப்லேந்து எழுதிக்கிட்டே வாங்க.