ரூத் சமைத்த இரவு

அன்புள்ள ஐயா,

என் மகள் நரம்பியலில் டி.எம். என்ற உயர்சிறப்பு மருத்துவப் படிப்பை முடிக்கப்போகிறாள். அடுத்து மூளைப் புற்றுநோய்க்கே போகப்போகிறாளாம். வலிப்பு, பக்கவாதம் என்று எத்தனையோ இருக்க, சாகப்போகிறவர்களோடு ஏன் வாழ்நாளைக் கழிக்க வேண்டும்? நீங்கள் எழுதினால் கேட்பாள்.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

என் வீட்டிலேயே நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் ஒரு கதை சொல்கிறேன்.

1928-இல் கனடாவின் மான்ட்ரியலில், வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவர் தன் சொந்த அக்கா ரூத்துக்கு மூளைக்கட்டிக்காக அறுவை செய்தார். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, அக்கா விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையின் வலது முன்பகுதியில் பெரும்பங்கைத் தம்பி வெட்டி எடுத்தார். கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை. ஆனாலும் ரூத் தேறி வீடு திரும்பினார். பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஏறக்குறைய 15 மாதம் கழித்து, ஒரு விருந்தாளிக்கும் வீட்டார் நால்வருக்குமாக இரவுச் சாப்பாடு செய்ய முனைந்தார். தம்பி போனபோது பொருள்களெல்லாம் எடுத்து வைத்தபடி இருந்தன, அடுப்பில் ஒன்றிரண்டு வெந்துகொண்டிருந்தன. இறைச்சியைத் தொடவே இல்லை. அக்கா செய்வதறியாமல் தவித்துக்கொண்டிருந்தார். சமையல் மறந்துபோகவில்லை, எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதுதான் கைநழுவிப் போயிருந்தது. 1931-இல் ரூத் இறந்தார். தம்பி 1934-இல் அங்கே ஒரு நரம்பியல் நிறுவனத்தைத் திறந்தார். மறு ஆண்டு அந்த அடுப்படிக் காட்சியை ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதினார்.

கல்லீரலில் கட்டி வந்தவர் பெரும்பாலும் அதே ஆளாகத்தான் இருக்கிறார். மூளையில் வந்தால் அந்த ஆளே மாறிப்போகலாம். ஆகவே இந்த மருத்துவர் ஸ்கேனைப் பார்த்தால் மட்டும் போதாது, வீட்டில் குழம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். நரம்பியல் படித்த ஒரு பெண்ணை இது இழுப்பதில் எனக்கு வியப்பில்லை.

சாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளைக்கட்டிகள் எல்லாமே உயிர்க்கொல்லிகள் அல்ல. மிகக் கொடியவற்றில் ஒன்றான கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2005-இல் வெளியானது. இடைநிலை ஆயுள், அதாவது நோயாளிகளில் பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இரண்டரை மாதம்தானா என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டாண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் என்பது இருபத்தாறாக உயர்ந்தது. கூடுதலான அந்தப் பதினாறு பேரின் வீட்டில் போய் இரண்டரை மாதக் கணக்கைச் சொல்ல முடியுமா?

மகளுக்கு நான் எழுதப்போவதில்லை. எந்த நோயாளியைப் பார்த்த பிறகு இந்த முடிவுக்கு வந்தாள் என்று நீங்களே கேளுங்கள். கேட்கும்போது அவளுக்குத் தூக்கம் பாக்கி இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.